முன் வலது

விபத்தில் மாட்டியவர்களை விபத்து முடிந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொள்வதற்கென்று உலகத்தில் எத்தனையோ நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகவும் சுத்தமானது நேர்நிலை முதுகெலும்பு மையம். தரையில் முகம் பார்க்கலாம். பார்ப்பதற்காகக் குனியத்தான் கூடாது. குனிந்தால் காவலாளி விசில் ஊதுவார்.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பி அங்கே போய்ச் சேர்ந்தவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். அவருடைய கழுத்து இடது பக்கம் திரும்பியது, மேலே போனது, கீழே வந்தது. வலது பக்கம் மட்டும் நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

நடந்தது இதுதான். சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த அவர்களுடைய காரைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தது. இடித்த வேகத்தில் கார் நாற்சந்திக்கு நடுவே போய்விட்டது. வலப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த பேருந்தால் நிறுத்த முடியவில்லை. காரை ஓட்டியவள் அவர் மனைவி. வாத்தியார் பக்கத்து இருக்கையில் இருந்தார். அவருக்குக் கழுத்தோடு போயிற்று. அவளுக்கு எல்லாமே போயிற்று.

மையத்தின் வரவேற்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகு நாற்காலியில் படவே இல்லை. அங்கே வேலை பார்க்கும் யாருடைய முதுகும் எதன்மேலும் படக்கூடாது என்பது நிபந்தனை.

"பேர் வேண்டாம் சார்," என்றாள். "பேரு வெச்சா குழப்பம் வருது. வண்டியில எந்த சீட்டு?"

"முன்னாடி. இடது பக்கம்."

"அப்ப நீங்க முன் இடது." கம்ப்யூட்டரில் தட்டினாள். "முன் வலது எங்க சார்? கூட வரலையா?"

வாத்தியார் மேஜைமேல் இருந்த பேனாக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவ என் மனைவிம்மா. அந்த எடத்துலயே உயிர் போயிடுச்சு."

"ஐயோ," என்றாள் அவள். ஒப்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே முகம் வாடிப்போயிற்று. பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள், முகம் பழையபடி ஆயிற்று. "ஆனா இன்சூரன்ஸ்லேர்ந்து ஒரு வண்டி, ரெண்டு கழுத்துன்னு அனுப்பியிருக்காங்க சார். ரெண்டுக்கும் கட்டில் ஒதுக்கியாச்சு. ஒதுக்கினதை என்னால எடுக்க முடியாது."

"அப்ப என்ன செய்யறது?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அவங்க முறை வரப்ப நாங்க கூப்பிடுவோம். கூப்பிடுறது எங்க கடமை."

பிறகு அவள் ஒரு அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள். வரிசையாக முகங்கள் வரைந்திருந்தன. முதல் முகம் பல் தெரியச் சிரித்தது. அடுத்தடுத்த முகங்களில் சிரிப்பு குறைந்துகொண்டே போய், கடைசி முகம் கண்ணீர் கொட்டி அழுதது. வலி எந்த முகமோ அதைத் தொடச் சொன்னாள். வாத்தியாரின் விரல் அட்டைமேல் அங்குமிங்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"அழாம இருக்கிற மாதிரி முகம் இல்லையாம்மா?"

"சிரிக்கிற முகமா சார்?"

"இல்ல. அழ வேண்டியது. ஆனா அழாம உக்காந்திருக்கிறது."

அவள் அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். அப்படி ஒன்று இந்தப் பதிப்பில் வரவில்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, நடுவில் இருந்த முகத்தைத் தானே தொட்டுக்கொண்டாள்.

உள்ளே போகும் வழியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு தொங்கியது. அதற்கு ‘முன்னோடி’ என்று பெயர். ஊழியர்கள் காலையில் வந்ததும் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். அந்தக் கட்டடத்திலேயே குறை சொல்ல முடியாத கழுத்து அதற்குத்தான் இருந்தது. தலை கிடையாது என்பதால் அது சாத்தியமாயிற்று.

தலைமை நிபுணரை எல்லோரும் ‘பெரிய கை’ என்று சொன்னார்கள். அவர் எதிரிலேயே சொன்னார்கள், அவருக்கும் அது பிடித்திருந்தது. கைகள் நிஜமாகவே பெரியவை. ஆனால் கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் பீரோவை நகர்த்துவதுபோல முழு உடம்பையும் திருப்புவார். அதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டு ஊழியர்களும் அப்படியே திரும்பப் பழகியிருந்தார்கள். நடைபாதையில் இரண்டு ஊழியர்கள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவருக்கொருவர் வழிவிடுவதற்குள் படாத பாடு படுவார்கள்.

பெரிய கை வாத்தியாரைக் கட்டம் போட்ட சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வைத்தார். படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மூக்கு நடுக்கோட்டை விட்டு விலகியிருக்கு."

"அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தாங்க."

"அப்ப பழைய கேஸ். இவ்வளவு நாளா கவனிக்காம விட்டிருக்கீங்க."

எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் பிடித்தபோது அவர் முகம் மலர்ந்தது. பெற்ற பிள்ளையின் படத்தைக்கூட அவர் அப்படிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். "பின்னாலேர்ந்து இடிச்சா தலை சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசும். தசை எல்லாம் பயந்துபோய் இறுகிக்கும். இந்த எலும்பைப் பாருங்க, கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது. கவலைப்படாதீங்க, சமாதானம் பண்ணி வெச்சுடுவோம். சரி, மோதின நேரத்துல நீங்க என்ன செஞ்சீங்க?"

வாத்தியார் நிமிர்ந்தார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. போலீஸ்காரர்கள் லாரி என்ன செய்தது என்று கேட்டார்கள். உறவுக்காரர்கள் பேருந்து என்ன செய்தது என்று கேட்டார்கள். மகள் எதையுமே கேட்கவில்லை. அவருக்குள் அடைத்துக்கொண்டு கிடந்தது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"டிரைவிங் ஸ்கூல் வண்டியில வாத்தியார் உக்கார்ற பக்கமும் ஒரு பிரேக் இருக்குங்க. கத்துக்கிற ஆள் தடுமாறினா நாங்க மிதிச்சு நிறுத்திடுவோம். வாழ்க்கை பூரா அந்தப் பக்கம் உக்காந்தே பழகிட்டேன். அன்னிக்குப் போனது எங்க சொந்த வண்டி. அதுல அந்த பிரேக் கிடையாது. லாரி இடிச்சு வண்டி நடு ரோட்டுக்குப் போறப்ப என் கால் தானா மிதிச்சுதுங்க. இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்தேன். ஹேண்ட் பிரேக் என் கைக்கிட்டதான் இருந்துச்சு. அதை இழுக்கணும்னு தோணவே இல்ல. கால் மிதிச்சுடுச்சே, வண்டி நின்னுடும்னு கை சும்மா இருந்துடுச்சு. பஸ் வர வரைக்கும் நான் மிதிச்சுக்கிட்டே..."

"எந்தக் கால்?"

"வலது கால்."

"கால் நம்மகிட்ட வராது," என்றார் பெரிய கை அன்பாக. "இடுப்புக்குக் கீழ எல்லாம் மாடியில. நீங்க கழுத்தை மட்டும் சொல்லுங்க."



சிகிச்சை அறையில் சக்கரம் வைத்த இரண்டு கட்டில்கள், அவற்றுக்கு நடுவே ஒரு முக்காலி. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும், அது உருண்டு போகாமல் நிறுத்துவதற்குத் தரையை ஒட்டி ஒரு சிவப்பு மிதி இருந்தது. வாத்தியாரின் கண்ணில் முதலில் பட்டது அந்த மிதிதான். கட்டில்களைக் கவனித்துக்கொள்ளும் ஆள், கட்டில்காரர் என்று அவருக்குப் பெயர், இடது கட்டிலில் புதுக் காகித விரிப்பு போட்டு வாத்தியாரைக் குப்புறப் படுக்க வைத்தார். பெரிய கை வந்து கழுத்தில் கை வைத்தார்.

அந்த மையத்தில் கழுத்தைத் திருப்பினால் போதாது, சத்தம் கேட்க வேண்டும். ‘டக்’ என்று கேட்டதும் சுற்றி நிற்கும் வெள்ளைக் கோட்டுகள் "விழுந்தது!" என்று சொல்லிக் கைதட்டுவார்கள். சத்தம் வராவிட்டால் மறுபடியும் செய்வார்கள். ஒருமுறை முக்காலி கிறீச்சிட்டதற்கும் கைதட்டி, அதை வாத்தியாரின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். இன்னொருமுறை சத்தம் போட்டது பெரிய கையின் சொந்த விரல். அவர் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்க, கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

சிகிச்சைக்கு முன்னால் ஒரு உரையும் உண்டு. எல்லா நோயாளிகளையும் கூடத்தில் நிறுத்திப் பெரிய கை பேசுவார்.

"நாங்க மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்குறதில்ல. மனுஷன் இன்னிக்கு வலிக்குதும்பான், நாளைக்கு வலிக்கலம்பான், நம்ப முடியாது. கோணம் பொய் சொல்லாது. அதனால நாங்க கோணத்துக்குத்தான் வைத்தியம் பாக்குறோம். உங்க துக்கம், கோவம், தூக்கம் வராதது எல்லாம் எங்கேர்ந்து வருது? எடம் மாறின எலும்புலேர்ந்து. எலும்பை அது எடத்துல வெச்சுட்டா துக்கத்துக்கு உக்கார எடம் ஏது? என்னையே எடுத்துக்கோங்க. என் பையன் என்கூடப் பேசி வருஷக்கணக்காச்சு. எங்க இருக்கான்னுகூடத் தெரியாது. நான் அழுதேனா? இல்ல. ஏன்? கழுத்து நேரா இருக்கு!"

எல்லோரும் கைதட்டினார்கள். பெரிய கையும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

முதல் நாள் சிகிச்சை முடிந்து வாத்தியார் முக்காலியில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஒலிபெருக்கியில் வரவேற்புப் பெண்ணின் குரல் வந்தது.

"முன் வலது! முன் வலது, வரலாம்!"

கட்டில்காரர் வலது கட்டிலை உருட்டி முக்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சிவப்பு மிதியை மிதித்துப் பூட்டினார். புதுக் காகிதத்தை இழுத்து விரித்து, சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டு, தலையணையைத் தட்டி வைத்தார். பிறகு ஓரமாகப் போய்க் காத்துக்கொண்டு நின்றார். அவளுக்கென்று ஒதுக்கிய நேரம் முடியும்வரை அந்தக் கட்டிலில் வேறு யாரையும் படுக்க வைக்கக் கூடாது என்பது விதி.

வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய வலது கைப்பக்கம் கட்டில் இருந்தது. கழுத்து திரும்பாததால் அவரால் பார்க்க முடியவில்லை. காரில் உட்கார்ந்திருந்த மாதிரியேதான் இருந்தது. அவர் நேரே பார்த்துக்கொண்டு, அவள் வலப்புறத்தில்.

அன்றிலிருந்து அவர் மையத்துக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

வீட்டில் வேறு மாதிரி இருந்தது. போன் கம்பெனியில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். பேங்கில் எடுத்துவிட்டார்கள். அவள் போய்க்கொண்டிருந்த நூலகத்தில், திருப்பித் தராத புத்தகத்தை வாங்கிக்கொண்டு அட்டையை வெட்டிப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைப் பற்றிப் பேச வரும்போது குரலைத் தாழ்த்தினார்கள், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார்கள். எல்லாம் மிகவும் சரியாக நடந்தது. எல்லாம் தப்பாக நடந்த ஒரே இடம் இந்த மையம்தான். இங்கே மட்டும்தான் அவள் வருவாள் என்று கட்டில் விரித்து, வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிகிச்சையாலும் பலன் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சூட்டு ஒத்தடமும் பெரிய கையின் அழுத்தலும் அவருடைய தோள் இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தின. ராத்திரியில் படுக்க முடிந்தது. ஒரு நாள் காலையில் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தபோது, கழுத்து எந்த எதிர்ப்பும் இல்லாமல் வலது பக்கம் சறுக்கிக்கொண்டு போயிற்று.  வாத்தியார் பயந்துபோய் அவசரமாகக் கழுத்தை நேரே கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு அதைத் திருப்பவே இல்லை.

அவருக்குப் பயம் வரக் காரணம் மையத்தின் இன்னொரு விதி. ஒரு வண்டி என்றால் ஒரு கேஸ். அந்த வண்டியில் வந்த கடைசிக் கழுத்தும் திரும்பிவிட்டால் கேஸ் முடிந்தது. கட்டில்கள் அடுத்த வண்டிக்குப் போய்விடும். இடித்த லாரிக்கோ நின்றுபோன உயிருக்கோ அந்த விதியில் இடமில்லை.

முன் வலது விஷயத்தில் மையத்துக்குத் திருப்தியோ திருப்தி. ஒவ்வொரு முறையும் அவளைப் பற்றி எழுதுவதற்குக் கட்டங்கள் இருந்தன. வலி பற்றிப் புகார்: இல்லை. அசைவில் எதிர்ப்பு: இல்லை. ஊழியர்களிடம் வாக்குவாதம்: இல்லை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்த கம்ப்யூட்டர் அவளை மிகச் சிறந்த நோயாளி என்று கண்டுபிடித்து, அவள் கழுத்து குணமாகிவிட்டதாகவே கணக்கு வைத்தது. பாக்கி இருந்தது வாத்தியாரின் கழுத்து மட்டும்தான். கூடத்துப் பலகையில் முன் வலது என்ற எழுத்துக்களுக்கு எதிரே தங்க நிற நட்சத்திரங்கள் வரிசையாக ஒட்டப்பட்டன. முன் இடதுக்கு எதிரே மூளியாக இருந்தது.

பெரிய கை ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே வண்டி, ஒரே மோதல். அவங்க எங்க, நீங்க எங்க? ஒரு முனகல் உண்டா? ஒரு முகச்சுளிப்பு உண்டா? அவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க!"

பார்க்கத்தானே முடியவில்லை என்று வாத்தியார் சொல்லவில்லை. பலகையைப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு முதல்தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் எப்போதும் அப்படித்தான். லைசென்ஸ் சோதனையிலும் முதல் தடவையே தேறிவிட்டாள். சோதனை அதிகாரி இறங்கி வந்து, உங்க மாணவிகள்லயே இவங்கதான் சுத்தமா ஓட்டுறாங்க என்று வாத்தியாரிடமே சொன்னார்.

வாத்தியார் அதை அவளிடம் சொல்லவில்லை. சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

டிரைவிங் வாத்தியார்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஓட்டுகிறவரைப் பாராட்ட மாட்டார்கள். பாராட்டினால் கவனம் சிதறும், அடுத்த வளைவிலேயே கோட்டை விடுவார்கள். எதுவானாலும் வண்டி நின்ற பிறகுதான். மனைவிக்குக் கற்றுக் கொடுத்தபோதும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. விபத்து நடந்த அன்றைக்கு அவள் முதல்முறையாக நெடுந்தூரம் ஓட்டினாள். வழி முழுக்க ஒரு குலுக்கல் கிடையாது. சிவப்பு விளக்கில் பூப்போல நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, எப்படி ஓட்டுறேன்? சொல்லுங்களேன்."

"ரோட்டைப் பாரு. வண்டி நின்னப்புறம் சொல்றேன்."

"இப்ப நின்னுதானே இருக்கு?"

"சிக்னல்ல நிக்கிறதெல்லாம் நிக்கிறதில்ல. வீட்டு வாசல்ல நிறுத்து, சொல்றேன்."

அவள் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று அவருக்குத் தெரியாது. அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. அதற்குப் பிறகு லாரி வந்தது.

ஆக, அவர் கஞ்சத்தனமாகப் பிடித்து வைத்திருந்த பாராட்டை யாரோ முகம் தெரியாதவர்கள் நட்சத்திரம் நட்சத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.  வாத்தியார் அந்த வலி அட்டையில் இல்லாத முகத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

வழக்கமாக வாசலோடு இறக்கிவிட்டுப் போய்விடும் மகள் ஒரு நாள் உள்ளே வந்தாள். வந்த நேரத்தில் ஒலிபெருக்கி முன் வலதைக் கூப்பிட்டது. கட்டில்காரர் காகிதம் விரிப்பதையும், அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நேரே வரவேற்புக்குப் போனாள்.

"முன் வலதுங்கறது எங்க அம்மா. அவங்க இறந்துட்டாங்க. தயவுசெய்து பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க."

"எடுக்கலாம் மேடம்," என்றாள் வரவேற்புப் பெண். "இனிமே வர விருப்பமில்லன்னு அவங்களே நேர்ல வந்து சொல்லணும்."

"இறந்துட்டாங்கன்னு சொல்றேன்."

"புரியுது மேடம். அதனாலதான் வரலன்னு எங்களுக்கும் தெரியும். ஆனா வராதவங்க விருப்பத்தை நாங்க எப்படி முடிவு பண்றது?"

காரில் மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் பின்னிருக்கையில் இருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் முன்னால் உட்காருவதில்லை.

"என்ன கூத்துப்பா இது? அம்மாவைக் கூப்பிடுறாங்க, நீங்க சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கீங்க. உங்களுக்கு அங்க என்னதான்ப்பா இருக்கு?"

"எல்லா எடத்துலயும் பேரை எடுத்துட்டோம்மா. நீதான் பாவம் ஓடி ஓடிச் செஞ்ச. செய்ய வேண்டியதுதான், தப்பு சொல்லல. அங்க ஒரு எடத்துலதான் இன்னும் அவளுக்குக் கட்டில் போட்டு வெச்சிருக்காங்க. கூப்பிடுறப்ப, இதோ கதவைத் திறந்துக்கிட்டு வந்துடுவான்னு ஒரு நிமிஷம் தோணுது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் போறேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் வீட்டுக்குள்ள நுழையறப்ப தோணும்ப்பா. ஆனா அவங்க கூப்பிடுறது அம்மாவை இல்ல. ஒரு சீட்டைக் கூப்பிடுறாங்க."

"எதையோ. கூப்பிடுறாங்க இல்ல?"

 மகள் முன் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "உங்க கழுத்து திரும்புது, இல்லப்பா?" என்று கேட்டாள். வாத்தியார் சன்னலுக்கு வெளியே, இடது பக்கம், பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வண்டியைக் கிளப்பினாள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்சூரன்ஸ் அதிகாரி மையத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தபோது ஊழியர்கள் ஒட்டடை அடித்தார்கள், முன்னோடியின் பெட்டியைத் துடைத்தார்கள். அதிகாரிக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. நீண்ட நாள் இழுக்கும் முன் இடதின் கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். நட்சத்திரங்களாய் வாங்கிக் குவித்திருக்கும் முன் வலதை நேரில் பாராட்ட வேண்டும்.

பெரிய கை அறையைச் சாத்திக்கொண்டு ஆலோசனை நடத்தினார். முன் வலது இறந்துபோன சேதி அங்கே எல்லோருக்கும் தெரியும். எழுதுவதற்குக் கட்டம் இல்லாததால் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். இப்போது எழுதினால், இத்தனை நாள் யாருக்குச் சிகிச்சை கொடுத்தீர்கள் என்று அதிகாரி கேட்பார். மையத்தின் மானம் போய்விடும். மானம் கழுத்துக்கு மேலே உள்ள விஷயம் என்பதால் பெரிய கையே பொறுப்பு எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு வாத்தியாரை முக்காலியில் உட்கார வைத்தபோது வலது கட்டில் இடத்தில் இல்லை.

"கட்டில் எங்கங்க?" என்று பதறினார்.

"வரும் சார், வரும்," என்றார் கட்டில்காரர், முகத்தைப் பார்க்காமல்.

வெள்ளைக் கோட்டுகள் சுவரோரமாக வரிசை கட்டின. அதிகாரி வந்து எதிரே உட்கார்ந்தார். மகளும் பார்வையாளர்களோடு பின்னால் நின்றாள். பெரிய கை தொண்டையைச் செருமினார்.

"ஐயா, இந்த மையத்துல நாங்க யாரையும் கைவிட்டதில்ல. வந்தவங்களையும் கைவிட்டதில்ல, வராதவங்களையும்..." இங்கே கொஞ்சம் திணறினார். "எல்லாரையும் ஒரே மாதிரி பாக்குறோம். எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான். சொல்லப்போனா, ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நாங்க பயிற்சி எடுத்திருக்கோம்."

அதிகாரி குறித்துக்கொண்டார். பெரிய கை முழு உடம்போடு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"முன் இடது, வலது பக்கம் திரும்புங்க."

வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தார்.

"முயற்சி பண்ணுங்க."

"முடியலைங்க."

வலப்புறத்தில் சக்கரச் சத்தம் கேட்டது. கட்டில் வந்து நின்றது. மிதி பூட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்டது. வாத்தியாருக்கு நிம்மதி வந்தது. இனி கூப்பிடுவார்கள், கேட்டுவிட்டுப் போய்விடலாம். அடுத்த முறையும் வரலாம்.

"முன் வலது!" என்றது ஒலிபெருக்கி. "முன் வலது, வரலாம்!"

"இதோ, இருக்கேன்," என்றது ஒரு பெண் குரல். அவருடைய வலது தோளுக்குப் பக்கத்திலிருந்து.

வாத்தியார் திரும்பினார்.

எப்படித் திரும்பினார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் திரும்பினார். அதற்கு மேல் எந்தக் கழுத்தும் திரும்பாது. புதுக் காகிதத்தின்மேல், மையத்தின் துணிகளைத் துவைத்துப் போடும் பெண் மல்லாக்கப் படுத்திருந்தாள். கைகள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எதுவோ புரிந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கைதட்டல் கட்டடத்தையே தூக்கிவிடும்போல் எழுந்தது. "விழுந்தது! விழுந்தது!" என்று வெள்ளைக் கோட்டுகள் கத்தினார்கள். முழுக் கோணம். அதிகாரி எழுந்து பெரிய கையின் கையைக் குலுக்கினார். படுத்திருந்த பெண்ணின் கையையும் குலுக்கி, இவ்வளவு சீக்கிரம் குணமானதற்குப் பாராட்டினார். வரவேற்புப் பெண் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினாள். ஒரு வண்டி, ஒரு கேஸ், முடிந்தது. எல்லோரும் அதிகாரியோடு தேநீர் குடிக்கப் போனார்கள்.

துணி துவைக்கும் பெண் அவசரமாக இறங்கினாள். "மன்னிச்சுக்கங்க ஐயா. படுக்கச் சொன்னாங்க, படுத்தேன். எதுக்குன்னு சொல்லல," என்றாள். அழுதுகொண்டே பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டாள்.

கட்டில்காரர் காகிதத்தை உருவிச் சுருட்டினார். பூட்டை விடுவித்தார். அடுத்த வண்டிக்காரர்கள் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள். கட்டிலைத் தள்ளினார். சக்கரங்கள் உருண்டு, கட்டிலின் கால்மாடு வாத்தியாரின் காலருகே வந்தது.

வாத்தியாரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மிதிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, கால் தானாகப் போயிற்று. இந்த முறை காலுக்கு அடியில் ஒன்று இருந்தது. சிவப்பு மிதி அடிவரை இறங்கிப் பூட்டிக்கொண்டது. கட்டில் ஒரு குலுக்கலோடு நின்றது.

கட்டில்காரர் தள்ளிப் பார்த்தார். "சார், காலை எடுங்க. காலிக் கட்டில்தான் சார்."

வாத்தியார் காலை எடுக்கவில்லை. கட்டில்காரர் இன்னொருமுறை சொல்ல வாயெடுத்தார். மகள் வந்து கட்டில்காரரின் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

வண்டி நின்றுவிட்டது. வாத்தியார் கழுத்தை வலது பக்கம் திருப்பினார். அது சுலபமாகத் திரும்பியது.

"நல்லா ஓட்டின," என்றார். "ரொம்ப நல்லா ஓட்டினம்மா."